ஊற்றை மூடிய பிள்ளைகள்

போன வெள்ளிக்கிழமை ரோலாவில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மாடி ஓட்டலில், நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு வழியனுப்பு வைத்தீர்கள். சால்வை போட்டீர்கள். ஷார்ஜா வெயிலில் மனுஷருக்குச் சால்வை போடுகிற ஒரே கூட்டம் நாம்தான். அப்புறம் உங்களில் ஒருவர் எழுந்து, ஆப்பிரிக்கக் கிராமத்தில் வளர்ந்தது என் வேலையை எப்படி உருவாக்கியது என்று நாலு வார்த்தை பேசச் சொன்னார். நானும் பேசினேன். கரண்ட் இல்லாத ஊர், ராத்திரி நட்சத்திரம், மாமரத்தடியில் பள்ளிக்கூடம், ஏழைகளின் பெரிய மனசு. நன்றாகக் கைதட்டினீர்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வாயெல்லாம் கசந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் எல்லோரும் ஒரே ரகம். அப்பா ஒப்பந்தத்தில் ஜாம்பியாவுக்கோ எத்தியோப்பியாவுக்கோ நைஜீரியாவுக்கோ போய்க் காட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அங்கே கால்சட்டையும் பாவாடையுமாக வளர்ந்து, பிறகு இந்தப் பாலைவனத்துக்கு வந்து தலை நரைத்தவர்கள். உங்களில் சிலர் வங்கிக்குப் போனீர்கள், சிலர் கப்பல் கம்பெனிக்கு. நான் ஒரு தர்ம நிறுவனத்துக்குப் போனேன். இங்கே இருக்கும் கொடையாளிகள், செத்துப்போன தாய் தகப்பன் பேரில் ஏழை நாட்டில் ஒரு கிணறு தோண்டித் தரச் சொல்வார்கள். தோண்டி, பம்பு வைத்து, பேர்ப்பலகை மாட்டி, போட்டோ எடுத்துக் கொடுப்போம். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவது நான். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தேன்.

அப்போது நான் பத்து வயதுப் பெண்பிள்ளை. ஜாம்பியாவின் தெற்கே எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கீழே ஓர் ஆறு. ஆறு என்றால் மழைக்காலத்தில் மட்டும்தான். மே மாதம் ஓட்டம் நின்றுவிடும், பிறகு நவம்பர் வரை வெறும் மணல். அப்பாவும் அம்மாவும் பரமக்குடிப் பக்கம். மணல் ஆறு அவர்களுக்குப் புதிதா என்ன. முதல் தடவை பார்த்ததும் அம்மா, "இதுக்கா கப்பல்லயும் ரயில்லயுமா இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தீக?" என்று கேட்டாளாம்.

ஓட்டம் நின்றதும் அந்த ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். மே மாதம் முழங்கால் ஆழத்தில் தண்ணீர் வரும். தினமும் காலையில் தண்ணீர் எடுக்க வருகிறவள், நாலு கூடை மணலை அள்ளித் தூரப் போட்டுவிட்டுத்தான் குடத்தை நிரப்புவாள். தண்ணீர் கீழே இறங்க இறங்க ஊற்றும் இறங்கும், வாயும் அகலமாகிக்கொண்டே போகும். அக்டோபர் வெயிலில் அது ஆள் உயரத்தைத் தாண்டியிருக்கும். மேல்வாய் எங்கள் வகுப்பறை அளவு இருக்கும். சரிவில் படிபடியாக மிதித்து இறங்கி, அடியில் உட்கார்ந்து சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். மாடு இறங்காமல் சுற்றிலும் முள் அடைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீருக்கு ஈர மணலின் வாசனை இருக்கும், கொஞ்சம் முள்செடியின் வாசனையும். குடுக்கையின் விளிம்பு உதட்டில் சொரசொரவென்று படும். அப்படி ஒரு குடுக்கையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தோம். எந்த வீடு மாற்றும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவளை நான் தண்ணி அக்கா என்பேன். உயரமானவள். இடுப்பில் சித்தெங்கேத் துணி, தலையில் தகர வாளி, தளும்பாமல் இருக்க வாளிக்குள் ஒரு இலைக்கொத்து. அம்மாவும் அவளும் அடுக்களையில் பேசியே ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அம்மா தமிழில் திட்டுவாள், அவள் தமிழில் சிரிப்பாள். அவளுடைய மகள் என் வகுப்பு. வகுப்பில் என்னைவிடக் கணக்கு நன்றாகப் போடுவாள். அதற்காக அவளிடம் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

அந்த வருஷம் ஜனவரி மழையில் என் தம்பி இறந்துபோனான். ஏழு மாதக் குழந்தை. மூன்று நாள் வயிற்றுப்போக்கு. ஆற்றில் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குப் போகப் பாலம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்பாவே குழி தோண்டிப் புதைத்தார். திரும்பி வந்து கை கழுவும்போது, வாளித் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாளியோடு தூக்கி முற்றத்தில் கொட்டினார். அன்றைக்கு அவர் மனதில் ஒன்று முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். தண்ணீர் கொண்டுவந்த தண்ணி அக்காவிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்குப் பதிலாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் தலைநகருக்கு ஒரு கடிதம்.

ஜூன் மாதம் துளை போடும் லாரி வந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள், சிவந்த முழங்கால்களோடு. மூன்று நாள் பூமி அதிர்ந்தது. மூன்றாம் நாள் சாம்பல் நிறத் தண்ணீர் பீறிட்டது. அப்பா சின்னப் பிள்ளை போல அதில் நனைந்தார். ஆசிரியர் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் நடுவில் அடிபம்பு எழுந்து நின்றது, பச்சைச் சாயம் பூசி. ஊரே வரிசையில் நின்று அடித்துப் பார்த்தது. தண்ணி அக்காவும் அடித்தாள், அவளுக்கும் சிரிப்புத்தான். நல்ல பம்பு. இன்றைக்கும் அந்தப் பம்பின் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் ஊர்க்காரர்கள் ஊற்றை விடவில்லை. பம்பில் கூட்டம் என்றால் ஆற்றுக்குப் போய்விடுவார்கள், துணி துவைக்க, மாட்டுக்கு, சில நாள் குடிக்கவும். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. சுத்தமான தண்ணீரைக் காலடியில் கொண்டுவந்து வைத்த பிறகும் மண்ணைத் தோண்டுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். தலைமை ஆசிரியரிடம் பேசி ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் சிரமதானம் என்று ஒன்று உண்டே, பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் ரோடு போடுவது, குளம் வெட்டுவது. அதை அங்கே கொண்டுவந்தார். அன்றைய சிரமதானம், ஊற்றுகளை மூடுவது.

சொல்லட்டுமா, என் குழந்தைப் பருவத்திலேயே அதுதான் மிகச் சந்தோஷமான காலை. சீருடை போட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். பெரிய பையன்கள் வெட்டித் தள்ள, நாங்கள் கையாலும் காலாலும் தள்ளினோம். முள்வேலியைப் பிடுங்கி எரித்தோம். தண்ணி அக்காவின் ஊற்று எங்கள் வகுப்பின் பங்கு. அவள் மகளும் வரிசையில் இருந்தாள். வாத்தியார் சொன்னால் செய்ய வேண்டியதுதானே. மணல் நிரம்பியதும் நானும் அவளும் கையைக் கோத்துக்கொண்டு அதன் மேல் குதித்துக் குதித்து மிதித்தோம், கெட்டிப்படட்டும் என்று. மேட்டில் அத்திமர நிழலில் தண்ணி அக்கா வெறும் குடுக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எங்களுக்கு வேர்க்கடலை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் அடுக்களை வாசலில் வந்து உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டாள். "அம்மா, பம்பு செத்துப்போனா?"

அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "பம்பு என்ன மாடா, சாகறதுக்கு?"

"இல்லங்க. எங்க ஊர்லயும் பைப்பு வந்துச்சு. ஆனாலும் வைகையில ஊத்தை யாரும் தூர்க்கலையே. தோண்டிக்கிட்டேதான இருந்தாக."

"அதனாலதான் அங்க பிள்ளைக செத்துச்சு" என்றார் அப்பா. அந்த வீட்டில் அந்த வருஷம் பிள்ளை என்ற சொல் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

அக்டோபர் வந்தது. அந்த வெயிலை அனுபவித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வானமே தெரியாது, வெறும் புகைமூட்டம். காட்டுத் தீயின் கரி பறந்து வந்து சாப்பாட்டில் விழும். ஒரு காலை, வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது பம்புக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி எடையே இல்லாமல் மேலே போனது, கீழே வந்தது. தண்ணீர் இல்லை.

அப்பா வாஷர் போயிருக்கும் என்றார். நம்மூரில் அடிபம்பு நின்றால் முதலில் சொல்வது அதைத்தானே. தன்னுடைய தோல் செருப்பை அறுத்து வட்டமாக வாஷர் வெட்டினார். பாட்டா கம்பெனிச் செருப்பு, பரமக்குடியில் வாங்கியது. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் வாஷர் இல்லை, உள்ளே ராடு முறிந்து குழாயின் ஆழத்தில் விழுந்து கிடந்தது. குழாயை முழுக்க மேலே இழுத்தால்தான் ஆகும். அதற்கு லாரி வேண்டும், சங்கிலி வேண்டும், புது ராடு வேண்டும். தலைமை ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் மாவட்ட ஆபீசுக்குப் போய் வந்தார். ஒரு வாரத்தில் வருவார்களாம். டீசல் இல்லையாம்.

முதல் நாள் பாத்திரங்களில் இருந்ததைக் குடித்தோம். அப்புறம் மாட்டுக் குட்டைக்கு நடந்தார்கள், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அங்கே இருந்தது தண்ணீர் இல்லை, பச்சைக் கஞ்சி. நாலாம் நாள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஐந்தாம் நாள் பெண்கள் ஆற்றில் இறங்கினார்கள்.

ஆற்றில் என்ன இருக்கிறது, சமமான மணல். மே மாதத்திலிருந்து நாளுக்கு நாலு கூடை அள்ளியிருந்தால் அங்கே வகுப்பறை அகலத்தில் வாய் இருந்திருக்கும். ஐந்து மாதம் நடக்க வேண்டிய வேலையை நாங்கள் ஒரு காலையில் நிறுத்தியிருந்தோம். தண்ணி அக்கா அத்திமரத்தையும் எதிரே இருந்த பாறையையும் பார்த்துத் தன் ஊற்று இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். நானும் மகளும் மிதித்த அதே இடம். எல்லோரும் சேர்ந்து அகலமாக அள்ளினால் பத்து நாள் ஆகும் என்றாள். பத்து நாள் யாரால் முடியும். அவள் நேராகத் தோண்டினாள்.

அப்பா தன்னால் ஆன உதவி என்று பள்ளிக்கூடத்துக் கயிற்றையும் வாளியையும் கொடுத்து அனுப்பினார். கயிற்றைக் கொண்டுபோனது நான். அவருக்கு வகுப்பு இருந்தது, பெரிய பையன்களுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் வழிமறித்து, "நேரா எறங்குனா மணல் நிக்காதுங்க. நீங்களாவது போயிச் சொல்லுங்க" என்றாள். "ஆயுசுக்கும் தோண்டுனவளுக்கு நான் போய்ச் சொல்லணுமா?" என்றார் அப்பா. அவர் சொன்னது நியாயம்தான். அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்துதான் இறங்கினாள்.

மேலே நானும் மகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து அவள் நிரப்பி அனுப்பும் வாளியை இழுத்துக் கொட்டினோம். முதலில் சூடான மணல் வந்தது. அப்புறம் குளிர்ந்த மணல். அவளுடைய தலை மறைந்து ரொம்ப நேரம் ஆனபின், கருத்த மணல் வந்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. மகள் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் கன்னத்திலும் வைத்தாள். கீழேயிருந்து தண்ணி அக்கா ஏதோ சொன்னாள், குரலில் சந்தோஷம் இருந்தது. என்ன சொன்னாள் என்று மகளிடம் கேட்கத் திரும்பினேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் வருகிற சத்தம், அவ்வளவுதான். என் காலுக்கு முன்னால் குழி இல்லை. கயிறு மணலுக்குள் போயிருந்தது. இழுத்தேன். வரவில்லை.

பெண்கள் கையால் பறித்தார்கள். பறிக்கப் பறிக்க மணல் சரிந்து நிரம்பியது. அப்பாவும் பையன்களும் ஓடிவந்தார்கள், அதே மண்வெட்டிகளோடு. அப்போதுதான் அகலமாக வெட்டினார்கள், அத்தனை பேரும், வாயை விரித்து விரித்து, சரிவு வைத்து. வெயில் தாழும் நேரத்தில் அவளை எடுத்தார்கள். உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். மகள் அழவில்லை. மணல் ஒட்டிய கன்னத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இத்தனை வயதுக்கும் யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டார். கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு பிடி இருந்தது: என் பிள்ளையைக் கொன்றது அந்தத் தண்ணீர். அந்தப் பிடியையும் அம்மா அவர் போன பிறகுதான் உடைத்தாள். தன் கடைசிக் காலத்தில், என்னோடு ஷார்ஜாவில் இருந்தபோது, பேரன் பாட்டிலில் பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். "தண்ணி இல்லடி. தண்ணியை நான் கொதிக்கவச்சுத்தான் குடுத்தேன். அந்தப் புட்டிதான். ரப்பரைக் கழுவ நேரமில்லாம அப்படியே குடுத்தேன், மழை பேஞ்ச அந்த வாரம் பூரா. உங்கப்பாட்ட சொல்லத் துணியல." நீல அளவுக்கோடு போட்ட கண்ணாடிப் புட்டி. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தம்பியோடு அதையும் வைத்துப் புதைத்துவிட்டார் அப்பா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு சின்ன வயசு இருந்தவள், கிணறு தோண்டும் வேலைக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வாள்? எந்த ஊருக்குப் போனாலும் பழைய தண்ணீர் எங்கே என்றுதான் முதலில் கேட்பாள் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், முடிவு அறிக்கைக்கு ஒரு படிவம் தயாரிக்கச் சொன்னார்கள். பெரிய நிறுவனங்களின் படிவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்து தட்டினேன். அதில் ஒரு வரி: 'பாதுகாப்பற்ற பழைய நீர்நிலைகள் மூடப்பட்டனவா? ஆம், இல்லை.' ஆம் என்றால்தான் கோப்பு முடியும். அந்த வரியைச் சேர்க்க நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தம்பி நினைவுக்கு வந்தான், நல்ல காரியம் செய்கிறோம் என்று கூட இருந்தது. ஆற்று மணல் நினைவுக்கே வரவில்லை. தண்ணி அக்கா கற்றுக்கொடுத்தது என்னிடம் தங்கவில்லை, அப்பா கற்றுக்கொடுத்ததுதான் தங்கியது. எங்கள் வளர்ப்பு என் வேலையை உருவாக்கியது இப்படித்தான்.

போன மாதம் ஒரு கோப்பு வந்தது. ஜாம்பியாவுக்குப் பக்கத்து நாடு, மணல் ஆற்றங்கரைக் கிராமம். கொடையாளி நம்மாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து இங்கே முவைலா தொழிலாளர் கேம்புக்குக் கம்பி கட்ட வந்தவர், இன்று அதே முவைலாவில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவருடைய தாயார் சாகக் கிடந்தபோது விசா கொடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, லீவும் மாஃபி, கிடையாது என்றுவிட்டான். தாய் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்காக இந்தக் கிணறு. திவசத்துக்குள் போட்டோவும் சான்றிதழும் வேண்டும் என்று தினமும் போன் செய்தார்.

போன வாரம்தான் கோப்பைத் திறந்தேன். முதல் படம், பம்பு. இரண்டாவது, அவருடைய தாயாரின் பேர்ப்பலகை. மூன்றாவது படத்தில் சீருடை போட்ட பிள்ளைகள் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் முள் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு குதித்ததில், கேமராவில் கால்கள் கலங்கலாக விழுந்திருந்தன. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எத்தனை வருஷமாக எத்தனை கோப்புகளில் இந்த மூன்றாவது படத்தைப் பார்த்திருப்பேன். அந்தக் கலங்கிய கால்களைப் பார்க்கும் வரை ஒன்றும் உறைக்கவில்லை எனக்கு.

மறுநாள் அவர் நேரில் வந்துவிட்டார். கையெழுத்துப் போட முடியவில்லை என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"என்ன மேடம் கொறை? பம்பு ஓடுதுல்ல?"

"ஓடுது. பழைய ஊத்தையெல்லாம் மூடிட்டாங்க."

"மூடுனது நல்லதுதான மேடம். அழுக்குத் தண்ணி."

"உங்க ஊர்ல பம்பு நின்னா எங்க போவீங்க?"

"ஆத்துல ஊத்துப் பறிப்போம். எங்க ஆத்தா ஊத்துத் தண்ணி ஊத்தித்தான் என்னை வளத்துச்சு." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். உங்கள் யாரிடமும் சொல்லாததை, என் பிள்ளைகளிடமும் சொல்லாததை, சான்றிதழ் வாங்க வந்த மனுஷனிடம் முழுக்கச் சொன்னேன். கயிறு மணலுக்குள் போனது வரைக்கும் சொன்னேன். அவளை எடுத்தது வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அவர் படத்தை மேசைமேல் வைத்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவன் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டார். "அப்பறம் தண்ணிக்கு என்ன மேடம் பண்ணுனீக?"

ஆமாம், அதை இன்னும் சொல்லவில்லை. அவளை எடுப்பதற்காகத்தான் அகலமாக வெட்டினார்கள் அல்லவா. சரிவும் வாயும் சரியாக அமைந்துவிட்டன. அவளைத் தூக்கிய இடத்தில், அவளுடைய கால் இருந்த பள்ளத்தில், தண்ணீர் ஊறியிருந்தது. லாரி வர மூன்று வாரம் ஆனது. அதுவரைக்கும் ஊரே அதில்தான் மொண்டது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. மகள். தாயின் சித்தெங்கேயை மடித்துக் கட்டியிருந்தாள், வாளிக்குள் இலைக்கொத்து மிதந்தது. இனிமேல் அவள்தான் தண்ணீர் கொண்டுவருவாளாம். பள்ளிக்கூடத்துக்கு அவள் திரும்ப வரவே இல்லை.

அம்மா அதைக் கொதிக்கவைக்கவில்லை. அப்படியே டம்ளரில் ஊற்றி அப்பா முன்னால் வைத்தாள். அப்பா டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. நான் குடித்தேன். நல்ல தாகம். இனிப்பாக இருந்தது.

இதைச் சொன்னதும் அந்த மனுஷர் எழுந்துகொண்டார். சன்னல் பக்கம் போய் நின்றார். "ராடு ஒரு செட்டு, வாஷர் ஒரு செட்டு நான் வாங்கித் தாறேன் மேடம். அந்த ஊர்லயே கெடக்கட்டும்" என்றார். "ஊத்தைத் தெறக்கச் சொல்லுங்க."

அங்கே இருக்கும் எங்கள் அதிகாரிக்குப் போன் போட்டேன். நல்ல பையன், கேட்டுச் சிரித்தான். பம்பு புதுசு மேடம், இப்போது யார் தோண்டுவார்கள் என்றான். அவன் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது, அவனுக்குத் தெரியாமல். இப்போது தோண்டவும் கூடாது. அக்டோபரில் தொடங்கினால் நேராகத்தான் இறங்க வேண்டியிருக்கும். தொடங்க வேண்டியது மே மாதம். யாரையும் மணலில் தனியாக இறங்க விடாதே, எங்கே எந்தப் பம்பு நின்றாலும் முதலில் எனக்குச் சொல் என்றேன். "ஓகே மேடம்" என்றான். இன்னும் சில நாளில் நான் அந்த நாற்காலியில் இருக்க மாட்டேன் என்பது அவனுக்கும் தெரியும்.

நேற்று என் கடைசி டூட்டி. என் இடத்துக்கு வரும் பெண் ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். கோப்பு முடியக் கூடாது என்று 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

"ஆன்ட்டி, மூடிட்டாங்களே. போட்டோல இருக்கே. 'இல்லை' போட்டா சிஸ்டம் ரீசன் கேட்கும்" என்றாள்.

"கேட்கட்டும். அந்த வரி இனிமேல் உன் படிவத்துல இருக்கக் கூடாதும்மா."

"அது மேல அப்ரூவ் பண்ணணும் ஆன்ட்டி. டைம் ஆகும்."

ஆகும்தான். காரணம் என்ற பெட்டி திறந்துகொண்டது. 'மூடியது தவறு. வரும் மே மாதம் ஊர்ப் பெண்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் விதத்தில் திறக்க வேண்டும். மூடச் சொன்னது நான்' என்று தட்டிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் என் தோளில் கை வைத்தாள்.

சாவியை ஒப்படைக்கும்போது அலமாரியைத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழ் வரை கோப்புகள். எல்லாவற்றிலும் 'ஆம்' என்பதற்குக் கீழே இருப்பதும் இதே கையெழுத்துதான். எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பம்பு இப்போது நின்று கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. இது அக்டோபர். அங்கே மழை வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.